பல்செட் திருடியது யார்

1

அவருடைய புதுப் படம் சுங்கைப் பட்டாணிக்கு வந்திருக்கிறது என்று எனக்குச் சொன்னது மன்னார்குடியில் இருக்கும் என் தங்கை வாசுகி. நான் இருப்பது பீடோங்கில். சுங்கைப் பட்டாணிக்குப் பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனாலும் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. "எங்க ஊருக்கு இன்னும் வரல, உங்க ஊர்ல ஓடுது. போய்ப் பாத்துட்டு வா. ஆனா எனக்குக் கதையச் சொல்லிடாத" என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

இயக்குநரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் "அவர் படத்த எல்லாம் மனுஷன் பார்ப்பானா" என்பீர்கள். மீதிப் பேர் கேள்விப்பட்டே இருக்க மாட்டீர்கள். அவர் எடுப்பது துப்பறியும் படம்தான். ஆனால் துப்புத் துலக்குவதில் யாருக்கும் அக்கறை இருக்காது. ஒரு படத்தில், கொலை நடந்த வீட்டில் பிணத்தை ஓரமாகக் கிடத்திவிட்டு, சாம்பாரில் ரெண்டாவது தடவை உப்புப் போட்டது யார் என்று முழு மூச்சாக விசாரணை நடக்கும். எல்லோரும் செத்த வீட்டு முகத்தோடு பேசுவார்கள். நமக்கு வயிறு வலிக்கும்.

அந்தப் படத்தை நானும் வாசுகியும் மன்னார்குடியில் காலியான தியேட்டரில் பார்த்தோம். நான் கல்லூரி முடித்திருந்தேன், அவள் சேர்ந்திருந்தாள். இடைவேளையில் மேலேயிருந்து ஆபரேட்டர் இறங்கி வந்து, "எதுக்குமா இப்படிச் சிரிக்கிறீங்க, எனக்கு ஒண்ணுமே புரியல" என்று கேட்டார். எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர் எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து மீதியைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

2

நான் இந்த மலாய் நாட்டுக்குக் கல்யாணம் கட்டி வந்தவள். என் கணவர் சந்திரன், பீடோங்குக்கு வெளியே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர். பிறகு எஸ்டேட் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறியது, தொழிலாளர்களின் வரிசை வீடுகளை இடித்தார்கள், அவர் குடும்பம் டவுன் ஓரத்தில் ஒரு தாமானுக்கு வந்தது. தாமான் என்றால் தோட்டம் என்று அர்த்தம். ஆனால் இங்கே குடியிருப்புக் காலனிக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கடை, அதற்கு அப்பால் செம்பனை மரங்கள். மழை இல்லாத காலையில் ஜெராய் மலை துல்லியமாகத் தெரியும். பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சந்திரன் கையுறை செய்யும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். நல்லவர். பின்னால் வேறு சிலதும் சொல்லப் போவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்க மாட்டார். என் அம்மா இறந்தபோது ஓவர்டைம் செய்து சேர்த்ததை எடுத்துக் கொடுத்து என்னை ஊருக்கு அனுப்பினார்.

ஆனால் நான் இந்த நாட்டில் இருப்பது அவர் மனைவி என்பதால்தான். என் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா அதற்காகக் கொடுத்தது. அதைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் அவர் கூட வர வேண்டும். குடிநுழைவு அலுவலகக் கவுண்டரில் இருப்பவர் அவரிடம்தான் கேட்பார்: "இன்னும் சேர்ந்துதானே இருக்கிறீர்கள்?" அவர் ஆமாம் என்பார். அதற்குப் பிறகுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார்கள். நிரந்தரமாக இருக்க மனுப் போட்டு வருஷங்கள் ஆகின்றன. கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். எங்கள் மகள் தர்ஷினிக்குப் பன்னிரண்டு வயதில் குடிமக்களுக்கான நீல நிற அடையாள அட்டை வந்தது. அன்று முதல் வீட்டில் அந்த அட்டை இல்லாதவள் நான் ஒருத்திதான்.

பாஸ்போர்ட் இரும்பு அலமாரியின் லாக்கரில் இருக்கும். சாவி சந்திரனின் மோட்டார் சைக்கிள் சாவிக் கொத்தில். வந்த புதிதில் பஸ்ஸில் நான் கைப்பையைத் தவறவிட்டேன். பாஸ்போர்ட் அதில் இல்லை. ஆனாலும் அன்றைக்கே அவர் அதை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார். "பத்திரமா இருக்கட்டும் செல்வி" என்றார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் போகிற இடமெல்லாம் சந்தையும் கோயிலும் பள்ளிக்கூட வாசலும்தானே.

மொழி இன்னொரு கதை. மலாயில் கணவனுக்கு 'சுவாமி' என்று பெயர். முதல் முறை கவுண்டரில் "சுவாமி எங்கே" என்று கேட்டபோது, கோயில் விஷயமாக ஏதோ விசாரிக்கிறார்கள் என்று நினைத்து வீட்டுப் பூஜை அறையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவிடம் ஒரு நாள் வயிற்றைத் தட்டிப் "பசி" என்றேன். மலாயில் அது கெட்டுப்போனது என்று பொருள்படுமாம். அந்த அம்மா பதறிப்போய் என் வீட்டுச் சோற்றை முகர்ந்து பார்த்தார். இப்போது சமாளிக்கிறேன். ஆனால் நான் வாயைத் திறந்தால் தர்ஷினி தரையைப் பார்க்கிறாள். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைதான். இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு தமிழ் அவளுக்கு என்னோடு பேச மட்டும் என்று ஆகிவிட்டது. அதையும் சுருக்கிவிட்டாள். நான் ரெண்டு நிமிஷம் சொல்வதற்கு அவள் பதில் "ஓகே லா, மா."

3

படத்துக்குப் போகலாமா என்று சந்திரனைக் கேட்டேன். "ஆஃப் டே வரட்டும், மூணு பேரும் போவோம்" என்றார். ஆஃப் டே வந்தது, வேறொருவருக்குப் பதிலாக அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்ததில் காருக்கு பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. தர்ஷினி, "தமிழ்ப் படம் போரிங் மா, நெட்ல வரும், அப்ப பாருங்க" என்றாள். இந்த மாதிரிப் படங்கள் இங்கே அதிக நாள் ஓடாது. ஒரு புதன்கிழமை, இருவரும் கிளம்பிய பிறகு, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் உள்ளே போய் முகம் கழுவி, சுடிதார் மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போயிருக்கும்.

தியேட்டரில் என்னைச் சேர்த்து ஒரு வரிசைக்குக்கூட ஆள் இல்லை. விளக்கு அணைந்தது. முதல் காட்சியில் ஒரு ஆடு படிக்கட்டில் ஏறி வந்தது. அவர் படம்தான் என்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டேன்.

கதையைச் சொல்கிறேன், வாசுகி இதைப் படிக்கும்போது பார்த்திருப்பாள். ஒரு மரக்கடை முதலாளி. எண்பது வயதுப் பிறந்தநாள். பிள்ளைகள், மருமகன்கள், சமையல்காரர், ஃபோட்டோகிராஃபர் என்று வீடு நிறைய ஆட்கள். சாப்பாட்டுக்குப் பிறகு முக்கியமான ஒன்றை அறிவிக்கப் போவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். வீடு யாருக்கு என்பதைத்தான் சொல்லப் போகிறார் என்று எல்லோருக்கும் நினைப்பு. மதியம் கண் அசந்து எழுந்து பார்த்தால் அவருடைய பல்செட்டைக் காணோம். பல்செட் இல்லாமல் அவர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. அவர் ஆவேசமாக அறிவித்துக்கொண்டே இருக்கிறார். ஒருவருக்கு 'மூத்தவன்' என்று கேட்கிறது, ஒருவருக்கு 'முருங்கைக்காய்' என்று கேட்கிறது. விருந்துக்கு வந்த ஒரு இன்ஸ்பெக்டர், காய் நறுக்கினால்தான் மூளை ஓடுகிறவர், அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொல்கிறார். பல்செட் கிடைக்கும்வரை யாரும் வெளியே போகக் கூடாது.

நான் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்தவர் ரெண்டு முறை திரும்பிப் பார்த்தார். எவ்வளவோ நாளாயிற்று அப்படிச் சிரித்து. வீட்டில் நான் சிரித்தால் எதற்கு என்று விளக்க வேண்டும். அங்கே விளக்க வேண்டியதில்லை.

இன்ஸ்பெக்டர் கடைசிப் பூசணிக்காயை நறுக்கி முடித்துவிட்டு, "இப்ப தெரிஞ்சுபோச்சு" என்று எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்து ஃபோனில் மணியைப் பார்த்தேன். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தர்ஷினி பள்ளிவிட்டு வந்து பூட்டிய கதவின் முன்னால் நிற்பாள். அவளிடம் சாவி கிடையாது. திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வெளியே வந்தேன். கதவு மூடும்போது உள்ளே எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

4

பஸ் நிற்கும் இடத்தில் சீருடையில் ஆட்கள் நின்றார்கள். குடிநுழைவுச் சோதனை, வெளிநாட்டுக்காரர்களிடம் பாஸ்போர்ட் கேட்பது. அந்த மாதிரிச் சோதனைகள் நடப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது எனக்கும் சேர்த்துத்தான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. ஓர் இளம் பெண் அதிகாரி என் முன்னால் வந்து மரியாதையாகத்தான் கேட்டாள். அடையாள அட்டை இல்லை என்றேன். பாஸ்போர்ட் வீட்டில் என்றேன். ஃபோனில் இருந்த அதன் புகைப்படத்தைக் காட்டினேன். அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அசல் வேண்டும், அக்கா" என்றாள். சட்டம் அப்படித்தான். கையில் வைத்திருக்க வேண்டும்.

சந்திரனை அழைத்தேன். வேலையில் ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மணி அடித்து ஓய்ந்தது. நடந்ததை ஒரு வரியில் செய்தியாக அனுப்பினேன். தர்ஷினியின் ஃபோன் வீட்டில் பூட்டிய கதவுக்குள் இருந்தது. பள்ளிக்குக் கொண்டுபோகக் கூடாது. என்னைத் தெரிந்த ரெண்டு பேரும் என் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தார்கள். வேனில் ஏறச் சொன்னார்கள். ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே என் பஸ் சரியான நேரத்துக்கு வந்து நின்று கிளம்பிப் போனது.

அலுவலகத்தில் ஓர் அறை. ரெண்டு பெஞ்சு, மின்விசிறி, தண்ணீர் பாட்டில்கள். எனக்கு முன்பே மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. தர்ஷினி வாசலில் நிற்பாளே என்பதுதான் மனதில் ஓடியது. அதற்கு மேல் யோசித்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

பக்கத்தில் இருந்தவள் ஜாவாவிலிருந்து வந்தவள், பெயர் ஸ்ரீ. சாப்பாட்டுக் கடையில் வேலை. அவளுக்கு அடுத்து மியன்மார்ப் பெண், இருபது வயது இருந்தால் அதிகம். எதிர் பெஞ்சில் வயதான ஓர் அம்மா, பாத்திக் பூப்போட்ட கைலி, தலையில் முக்காடு, கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். எங்கே பிடித்தார்கள் என்று ஸ்ரீ கேட்டாள். பஸ் நிற்கும் இடத்தில் என்றேன். அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்றாள். "தெங்கோக் வாயாங்" என்றேன். படம் பார்க்க வந்தேன் என்று அர்த்தம்.

மூவரில் இருவர் சிரித்துவிட்டார்கள். "நாங்க எல்லாம் வேலை பாத்து மாட்டிக்கிட்டோம், இவ படம் பாத்து மாட்டிக்கிட்டா" என்று ஸ்ரீ அந்த மியன்மார்ப் பெண்ணிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன படம்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த மலாயில் சொல்ல ஆரம்பித்தேன். பல்செட்டுக்கு வார்த்தை தெரியவில்லை. "கிகி, ஆனா நிஜக் கிகி இல்ல" என்று பல்லைத் தொட்டுக் காட்டினேன். ஸ்ரீ "கிகி பல்சு", பொய்ப்பல், என்று எடுத்துக்கொடுத்தாள். பெரியவர் எப்படிப் பேசினார் என்று சொல்லத் தெரியாமல், உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு அவரைப் போலப் பேசிக் காட்டினேன். என் மலாய் எப்போதும் அப்படித்தான் இருக்கிறது என்பதால் நடிக்க வேண்டியிருக்கவில்லை. மியன்மார்ப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். ஆடு படிக்கட்டில் ஏறியதைப் பெஞ்சின் மீது விரல்களால் நடத்திக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் பூசணி நறுக்கியதைக் காட்டினேன். வார்த்தை பிசகிய இடத்தில் அவர்கள் திருத்தவில்லை. புரிந்துகொண்டு தலையை ஆட்டினார்கள். யாரும் தரையைப் பார்க்கவில்லை.

அப்புறம் அந்த இடத்துக்கு வந்தேன். "பிந்து தூத்துப்" என்றேன். கதவைச் சாத்தியாச்சு. "செமுவா ஓராங் தா போலே கெலுவார்." யாரும் வெளியே போகக் கூடாது.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஸ்ரீ மெதுவாகத் திரும்பி அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள்தான் முதலில் வெடித்தாள். அதன்பின் எங்களால் நிறுத்த முடியவில்லை. ஒருத்தி அடங்கினால் இன்னொருத்தி கதவைக் காட்டுவாள், மறுபடி ஆரம்பமாகும். கண்ணில் தண்ணீர் வந்தது. அது முழுக்கச் சிரிப்பு என்று சொல்ல முடியாது.

கதவு திறந்தது. அந்த இளம் அதிகாரி எட்டிப் பார்த்தாள். அதட்டப் போகிறாள் என்று வாயை மூடிக்கொண்டோம். "அப்புறம்?" என்றாள். வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்புறம் தெரியாது" என்றேன். "பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுன்னு எழுந்து வந்துட்டேன்."

ஸ்ரீக்குக் கோபமே வந்துவிட்டது. கடைசி வரை பார்க்காமல் எவளாவது வருவாளா என்றாள். எடுத்தது ஆடுதான் என்று அவள் தீர்த்துச் சொன்னாள். மியன்மார்ப் பெண் மருமகன் என்றாள். சின்ன மருமகன், அவன்தான் அதிகமாகத் தேடினான். அதிகாரி கதவைப் பிடித்தபடி யோசித்துவிட்டு, பெரியவரே ஒளித்து வைத்திருப்பார் என்றாள். அதுவரை கண்ணைத் திறக்காத அந்த வயதான அம்மா, "பினி டியா" என்றார். அவர் பெண்டாட்டி.

நான் கதை சொன்னதில் பெரியவரின் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. படத்தில் அந்த அம்மா ஓரமாக உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

5

சந்திரன் இடைவேளையில் ஃபோனை எடுத்துப் பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் போய், வாசலில் உட்கார்ந்திருந்த தர்ஷினியையும் ஏற்றிக்கொண்டு, பாஸ்போர்ட்டும் கல்யாணப் பதிவுச் சான்றிதழுமாக வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். வெளியே கவுண்டரில் பள்ளிச் சீருடையோடு தர்ஷினி நின்று அதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன வேகம், என்ன தெளிவு. அவளை எனக்குத் தெரியாத யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தேன். "இது என் அம்மா" என்று அவள் மலாயில் சொன்னது மட்டும் காதில் தனியாக விழுந்தது. அவள் என்னை இந்த நாட்டுக்கு அறிமுகம் செய்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை கையில் வைத்திருங்கள் என்று எச்சரித்து அனுப்பினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அறைக் கதவின் கண்ணாடி வழியாக ஸ்ரீ கையை உயர்த்திக் காட்டினாள். வயதான அம்மா மறுபடி கண்ணை மூடியிருந்தார். அவர்களுக்குப் பாஸ்போர்ட்டோடு வந்து நிற்க யாரும் இல்லை.

காரில் தர்ஷினிதான் முதலில் பேசினாள். "ஏன் மா சொல்லாம போனீங்க?"

சந்திரன் ரோட்டைப் பார்த்தபடி, "இனிமே தனியா எங்கயும் போவாத செல்வி" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குத் தாங்க முடியாமல் போனது.

வீட்டுக்கு வந்து அவர் லாக்கரைத் திறந்து பாஸ்போர்ட்டை உள்ளே வைக்கப் போனார். "வைக்காதீங்க" என்றேன்.

"ஏன்?"

"என்கிட்ட இருக்கட்டும்."

"தொலைச்சிருவ லா. அந்த பேக்க தொலைச்சல்ல?"

"அதத் தொலைச்சப்ப தர்ஷினி பொறக்கவே இல்லீங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "நான் என்ன உன்னப் பூட்டியா வச்சிருக்கேன்? எங்க போவணும்னாலும் கூட்டிட்டுத்தானே போறேன்."

"என்னப் பூட்டல. பாஸ்போர்ட்டத்தான் பூட்டி வச்சிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு இன்னிக்கு அந்த ரூம்ல உக்காந்திருக்கும்போது தெரிஞ்சுபோச்சு."

அவர் பாஸ்போர்ட்டின் அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் அந்தக் கவுண்டர்ல நிக்கறப்ப எனக்குக் கை வேர்த்துரும், தெரியுமா? நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லி, அவங்க உன்ன அனுப்பிட்டா? நானும் இவளும் என்ன செய்யறது?"

இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. கவுண்டரில் நான் மட்டும்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கையை நீட்டியபடியேதான் இருந்தேன். கொஞ்சம் கழித்து அவர் பாஸ்போர்ட்டை என் கையில் வைத்தார். எழுந்து குளிக்கப் போனார்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தர்ஷினி வந்து பக்கத்தில் நின்றாள். "உள்ள என்ன மா செஞ்சாங்க உங்கள?" என்றாள். ஒன்றும் செய்யவில்லை, படத்துக் கதை சொன்னேன் என்றேன். நம்பவில்லை. என்ன சொன்னேனோ அதை அப்படியே, அதே மலாயில், சொல்லிக் காட்டினேன். பாதி வாக்கியத்தில் திருத்த வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். ஆடு வந்த இடத்தில் சிரித்தாள். கதவு சாத்திய இடத்தில் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துப் பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தாள்.

6

படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஒரே ஒரு காட்சி. இந்த முறை சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தர்ஷினிக்கு வீட்டுச் சாவியில் ஒன்று வெட்டிக் கொடுத்திருந்தோம். சந்திரன், "போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு, வர்றப்ப போடு, படம் விட்டதும் போடு" என்றார். சரி என்றேன். எனக்குக் கிடைத்த சுதந்திரம் அந்த அளவுதான், அதைக் கூட்டிச் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் நாலு முறையாவது பையைத் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இதற்கு லாக்கரே தேவலை என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

முதல் முறை சிரித்த இடங்களில் இப்போது சிரிப்பு வரவில்லை. கதவைச் சாத்தச் சொல்லும்போது தியேட்டர் கதவைத் திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு சின்னப் பெண் முன்வரிசையில் உருண்டு உருண்டு சிரித்தாள். நான் ஓரமாகக் காபி ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்தான். இன்ஸ்பெக்டர் பூசணியை முடித்துவிட்டு நேராக அவர் எதிரில் போய் உட்காருகிறார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் அரிசிப் பானைக்குள் கைவிட்டு பல்செட்டை எடுத்து, ஊதிவிட்டு, மேசையில் வைக்கிறார். ஏன் என்று கேட்கிறார்கள். "ஒரு மத்தியானமாவது வீடு அமைதியா இருக்கட்டுமேன்னுதான்" என்கிறார். வீடு யாருக்குன்னு நீங்களாவது சொல்லுங்களேன் என்று எல்லோரும் அந்த அம்மாவின் வாயைப் பார்க்கிறார்கள். அவர் ரொம்ப நேரம் யோசிக்கிறார். "ஒண்ணுமில்ல, காபி ஆறிப்போச்சு" என்கிறார். படம் முடிந்தது.

விளக்கு போட்ட பிறகும் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, பஸ் நிற்கும் இடத்துக்குப் போகாமல், அந்த அலுவலகத்துக்கு நடந்தேன். வெயில் நெற்றியில் இறங்கியது. வாசலில் காலை வைக்கும்போது உடம்பு ஒரு முறை பின்னால் இழுத்தது. கவுண்டரில் அதே இளம் அதிகாரி இருந்தாள். பாஸ்போர்ட்டை எடுத்து முன்னால் வைத்தேன். அவள் அதைத் திறக்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டாள்.

என்னோடு அந்த அறையில் இருந்த மூன்று பேர் எங்கே என்று கேட்டேன். வேறு இடத்துக்கு அனுப்பியாயிற்று என்றாள். எந்த இடம் என்றேன். சொல்ல அனுமதியில்லை என்றாள். அவளுக்கே தெரியுமா என்பது எனக்குத் தெரியவில்லை. பின்னால் ஒருவர் என்னைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நின்றார்.

நான் பாஸ்போர்ட்டை எடுத்துப் பையில் போட்டபோது அவள் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, யார் எடுத்தது?" என்றாள்.

"பினி டியா" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. பக்கத்துக் கவுண்டர்க்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பெரிய அம்மா அன்னிக்கே சரியாச் சொன்னாங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. அவள் கண்கள் என் தோளைத் தாண்டி அந்த அறையின் கதவுக்குப் போயின. அது திறந்தே கிடந்தது, உள்ளே பெஞ்சில் யாரும் இல்லை. மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டாள், கழற்றினாள். "பத்திரமா வீட்டுக்குப் போங்க அக்கா" என்றாள். அடுத்தவரைக் கூப்பிட்டாள்.